பழுப்புக் கவர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஐந்தாம் பாரத்துக் கடைசிப் பரீட்சையான எம்.சி.இ.க்குத் தபாலில் படித்தவள் நான் ஒருத்திதான். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைப்படுகிற மாதிரி அது முடியவும் இல்லை. கொழுந்து எடுக்கிற பவளத்துக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று அப்போதே கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் கேட்டதுதான் சரியோ என்று இப்போது தோன்றும்போது ஆத்திரமாக வருகிறது. அவர்கள்மேல் இல்லை, என்மேல்தான்.

1976-இல் சேர்ந்தேன். அதற்கு முன் பக்கத்து டவுன் தானா ராத்தாவில் மூன்றாம் பாரம் வரை பள்ளிக்கூடம் போனேன். பதினாறு வயதில் அப்பா போனதும் படிப்பு நின்றது. அப்பா செத்துப் போகவில்லை, கப்பலேறிப் போனார். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். ஆறு வருஷம் கூடை சுமந்தேன். ஒருநாள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் விரலுக்குக் கட்டுப் போட வந்த நர்ஸ், என் இங்கிலீஷைக் கேட்டுவிட்டு, "எம்.சி.இ. இருந்தா நீயும் நர்ஸ் பயிற்சிக்கு மனு போடலாமே" என்றாள். இருபத்தைந்து வயது தாண்டினால் எடுக்கமாட்டார்களாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வருஷம் படித்து 1978 கடைசியில் பரீட்சை எழுதினால் எனக்கு இருபத்துநாலு. ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும். அதில் தப்பினால் முதுகில் கூடை, நெற்றியில் கயிறு, சாகும்வரை.

கோலாலம்பூரில் இருந்த ஒரு தபால் கல்லூரிக்கு எழுதிப் போட்டேன். முதல் மாதப் பாடங்களோடு ஒரு சின்னப் பச்சைப் புத்தகமும் வந்தது. தனியாகப் படிப்பவர்களுக்குப் பத்துக் குறிப்புகள். வாத்தியார் இல்லாத வகுப்பில் நீயே வாத்தியார், நீயே மாணவர் என்று முகப்பில் இங்கிலீஷில் போட்டிருந்தது. நீயே கங்காணி, நீயே கூலி என்று எனக்குப் புரிகிற மாதிரி மாற்றிக்கொண்டேன்.

தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உட்கார் என்பது முதல் குறிப்பு. எங்கள் லைன் வீட்டில் ஒரே இடம் என்று எதைச் சொல்வது? முன்னறையில் படுக்கை, பின்னறையில் அடுப்பு, நடுவில் பலகைத் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ரேடியோ. கடைசியில் ஆயக்கொட்டகைதான் கிடைத்தது. தோட்டத்துக் குழந்தைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்கிற இடம். மூன்று மணிக்கு நிறுவை முடிந்ததும் தாய்மார்கள் வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆயா அம்சவல்லி சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள். "பூட்ட மறந்தே, நாயி உள்ள பூந்துரும். அப்புறம் துரைகிட்ட நீதான் பதில் சொல்லணும்லா" என்பாள். ஒருநாளும் அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை. உத்தரத்தில் தொங்கும் காலித் தொட்டில்களுக்கு நடுவே, குழந்தைகள் உட்காரும் குட்டைப் பெஞ்சில், முழங்கால் மோவாயை முட்ட உட்கார்ந்து படித்தேன். பால் வாடையும் மூத்திர வாடையும் கலந்து அடிக்கும். நாலு மணிக்கெல்லாம் பனி சன்னல் வழியாக உள்ளே வந்து தாள்களை ஈரமாக்கிவிடும். முதல் மாதம் பாதி நாள் தூங்கினேன். மீதி நாள் ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன் பார் என்று எல்லாவற்றையும் விரித்து வைத்துக்கொண்டு எதையும் முடிக்கவில்லை. ஒருநாளைக்கு ஒரு பாடம், ஒரு பாடத்தில் மூன்று பக்கம், அதற்குமேல் கை வைக்காதே என்று மூன்றாவது குறிப்பு சொன்னது. அதைக் கேட்ட பிறகுதான் வண்டி ஓடத் தொடங்கியது. ஒருநாளைக்கு எத்தனை நிரைச் செடியில் கொழுந்து எடுக்க முடியும் என்று கங்காணிக்குத் தெரியும். படிப்புக்கும் அதே கணக்குதான் என்று எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் உறைத்தது.

விடைத்தாளை அனுப்பினால் சிவப்பு மையில் திருத்தி, அடுத்த பாடத்தோடு திருப்பி அனுப்புவார்கள். திருத்தியவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. சரித்திரப் பாடத்தின் முதல் விடைக்கு அவர் எழுதியது இன்னும் மனப்பாடம்: "மிக நல்ல விடை. நான் எழுதியதாயிற்றே." மாதிரி விடையை வரிக்கு வரி பார்த்து எழுதி அனுப்பியிருந்தேன். வெட்கத்தில் காது சுட்டது. அதற்குக் கீழே, "நாலாவது குறிப்பைப் படிக்கவும்" என்று போட்டிருந்தார்.

நாலாவது குறிப்பு இதுதான். படித்ததும் தாளை மூடி வை. படித்ததை உன் சொந்த வார்த்தையில், எதிரே இருப்பவருக்குச் சொல்வதுபோல் சொல். சொல்ல முடியவில்லை என்றால் உனக்கு இன்னும் விளங்கவில்லை.

எனக்கு எதிரே யார் இருந்தார்கள்? தேயிலைச் செடிதான் இருந்தது. அன்றன்றைய பாடத்தைச் சின்னத் தாளில் நாலே வார்த்தையாகக் குறித்து, ரொட்டிப் பையில் சுற்றி, தலைத்துணிக்குள் செருகிக்கொண்டு மலை ஏறுவேன். நிரையில் இறங்கியதும் கை தன்பாட்டுக்குக் கொழுந்து கிள்ளும், வாய் செடிகளுக்குப் பாடம் நடத்தும். ரத்தம் இதயத்தின் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறது என்று பத்தாம் நம்பர் மலையில் உள்ள எல்லாச் செடிக்கும் தெரியும். "பவளத்துக்குப் பேய் புடிச்சிருச்சு. செடியோட இங்கிலீசு பேசுது" என்று பக்கத்து நிரையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பேய் பிடித்தவளுக்கு உயிரியலில் எழுபத்தெட்டு வந்தது.

இப்படி ஒன்பது குறிப்புகளை வேதமாகக் கடைப்பிடித்தேன். ஆறாவதை மட்டும் பென்சிலால் அடித்துவிட்டேன்.

நீ என்ன படிக்கிறாய், எதற்காகப் படிக்கிறாய், பரீட்சை எப்போது என்பதை உன் வீட்டாருக்கு விளக்கிச் சொல். தபாலில் என்னென்ன வரும் என்றும் சொல்லி வை. அவர்களின் ஒத்தாசை இல்லாமல் தனியாகப் படிக்க முடியாது. ஆறாவது குறிப்பு அதுதான். எழுதியவருக்கு என் அம்மாவைத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டார் என்றால் அம்மா மணியம்மா ஒருத்திதான். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டத்து ஆபீஸைக் கூட்டித் துடைக்கிற வேலை அவளுக்கு. காலையில் தபால் லோரியில் வந்து இறங்கும். ஆபீஸில் கணக்கெழுதும் தங்கராஜு கிராணி அதை லைன் வாரியாக, வீட்டு நம்பர் வாரியாகப் பிரித்து, எங்கள் வீட்டுக் கடிதத்தை அம்மா கையில் கொடுத்துவிடுவார். கல்லூரியிலிருந்து வருவது நீளமான வெள்ளைக் கவர். மூலையில் நீல முத்திரை. வெள்ளைக் கவர் வந்த அன்று அம்மா மதியமே வீட்டுக்கு ஓடிவந்து, ஸ்வெட்டருக்குள் இருந்து அதை எடுத்து, அடுப்படிப் பலகையில் வைத்து, அதன்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போவாள். இரண்டு வருஷத்தில் எத்தனை மழை! ஒரு கவர்கூட நனைந்ததில்லை, ஒன்றுகூடத் தொலைந்ததில்லை.

ஒருநாள் மாலை நான் ஆயக்கொட்டகைக்குக் கிளம்பும்போது அம்மா கேட்டாள்.

"ஏண்டி, இம்புட்டு கடுதாசி வருது, போவுது. இதை முடிச்சா நீ என்னா ஆவே?"

எனக்கு அன்று கணக்கில் முப்பத்தொன்று வந்திருந்தது. "சொன்னா மட்டும் உனக்குப் புரியவா போவுது? உன் வேலையைப் பாரும்மா" என்றேன்.

அம்மா அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. நானும் நிம்மதியாகிவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேனே. எனக்கு அவள்மேல் வெறுப்பு இல்லை, பயம்தான். பரீட்சை என்று சொன்னால் காலையில் குழாயடியில் சொல்லுவாள். மத்தியானத்துக்குள் நாலு லைனுக்கும் தெரிந்துவிடும். நான் கோட்டைவிட்டால் அந்த நாலு லைனும் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். கண் வேறு பட்டுவிடும். பாஸான தாளை ஒருநாள் அவள் கையில் வைத்துத் திகைக்க வைக்க வேண்டும் என்று ஒரு பைத்தியக்கார ஆசையும் இருந்தது.

இப்போது அப்பா கதை.

அம்மாவும் அப்பாவும் கடல் தாண்டி ஊரிலிருந்து வந்தவர்கள். இருவரிடமும் இருந்தது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் அடையாள அட்டை. நான் இங்கே பிறந்தவள், எனக்குக் குடியுரிமை உள்ள நீல ஐசி. நீல ஐசிக்கு எழுதிப் போடச் சொன்ன காலத்தில் அப்பா சிங்காரம், "நம்மள யாரு என்னா செய்யப் போறான்?" என்று இருந்துவிட்டார். 1969-க்குப் பிறகு சிவப்பு ஐசிக்காரர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றார்கள். அடுத்த வருஷம் ஒரு காலை, பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கும் நேரத்தில், கிராணி ஒரு கட்டு பழுப்புக் கவர்களோடு வந்தார். அரசாங்க முத்திரை போட்ட கவர்கள். பெயர் கூப்பிட்டுக் கையில் கொடுத்து, தாளில் கைநாட்டு வாங்கினார். அப்பா கைநாட்டு வைத்தார். நாலு மாதத்தில் ஊருக்குக் கப்பலேறினார். "போய் ஒரு எடம் பாத்துட்டு உங்களைக் கூப்புடுறேன்" என்றார். இரண்டு கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. அம்மாவுக்கு மட்டும் எப்படியோ பெர்மிட் கிடைத்தது. அதையும் கிராணிதான் வருஷா வருஷம் கைநாட்டு வாங்கிப் புதுப்பித்துக்கொண்டு வருவார்.

அன்று பெரட்டில் இல்லாத ஒரே ஆள் வேலப்பன். விஷயம் முன்கூட்டியே காதில் விழுந்து, முதல் நாளே கோலா தெர்லா போய், ஒரு சீனன் காய்கறித் தோட்டத்தில் சேர்ந்துகொண்டார். அவர் கவரை வாங்க ஆளில்லை, கிராணி திருப்பி அனுப்பிவிட்டார். வேலப்பன் இன்றுவரை முட்டைக்கோஸ் லோரி ஏற்றிக்கொண்டு அங்கேதான் இருக்கிறார். யாரும் தேடி வரவில்லை.

எங்கள் லைன்களில் அன்றிலிருந்து அது ஒரு சட்டம் மாதிரி ஆகிவிட்டது. பழுப்புக் கவரைக் கைநீட்டி வாங்கினவன் போனான், வாங்காதவன் பிழைத்தான். கோர்ட்டில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் கண்ணால் பார்த்தவர்களிடம் போய் எந்த வக்கீல் வாதாட முடியும்? அம்மா கண்ணால் பார்த்தவள்.

1978 நடுவில் பரீட்சைக்குப் பணம் கட்டினேன். நுழைவுச்சீட்டு அக்டோபரில் தபாலில் வரும், அதில் நம்பரும் எந்த ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்தில் எழுத வேண்டும் என்பதும் இருக்கும் என்று கல்லூரியிலிருந்து எழுதியிருந்தார்கள். எந்தக் கலர் கவரில் வரும் என்று அவர்கள் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் நான் அம்மாவிடம் சொல்லியிருக்கமாட்டேன்.

அக்டோபர் போனது. தீபாவளி போனது. சீட்டு வரவில்லை. ஆபீஸுக்குப் போய் தங்கராஜு கிராணியைக் கேட்டேன்.

"வந்ததெல்லாம் உங்கம்மா கையிலதான் குடுத்தேன். நான் என்னா, கவரை எண்ணிக்கிட்டா உக்காந்திருக்கேன்? வரும்லா, பொறு" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமல், "வெள்ளைக் கவரு ஒண்ணும் வரலடி" என்றாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். அன்று எனக்கு அது ஒன்றும் வரவில்லை என்றுதான் காதில் விழுந்தது. இரண்டு வருஷத்தில் ஒரு கவரைத் தொலைக்காதவளைச் சந்தேகப்படுவேனா? சர்க்கார் ஆபீஸில்தான் என் மனுவைக் குப்பையில் போட்டிருப்பான் என்று முடிவு கட்டினேன். கடிதம் எழுதினேன், பதில் வருவதற்குள் பரீட்சை நாள் வந்துவிட்டது.

மலையிலிருந்து தனியாக எழுதுகிறவர்களுக்கு எப்போதும் மலையடிவாரத்தில் தாப்பாவில்தான் இடம் போடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். துணி எடுக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸில் ரிங்லெட் வழியாக இறங்கினேன். பையில் மூன்று பேனா, ரூலர், ஐசி. வளைவுக்கு வளைவு வாந்தி வந்தது. மலைக்காரிக்கு இந்தப் பாதையில் வாந்தி வரக்கூடாதுதான். அன்று வந்தது.

பள்ளிக்கூட வாசலில் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். மேலிருந்து கீழ் மூன்று தடவை படித்தேன். கீழிருந்து மேல் ஒரு தடவை படித்தேன். என் பெயர் இல்லை. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு டீச்சர் வந்து, "சீட்டு எங்கே?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"சீட்டு இல்லாம எந்த ஊர்ல உன் பேர் இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு எடத்துக்கும் தனி லிஸ்ட்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பாவமாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

எதிரே ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தேன். மணி அடித்தது. உள்ளே எல்லோரும் தாளைத் திருப்பும் நேரம். இதயத்துக்கு நாலு அறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. காப்பியில் ஈ விழுந்தது, அதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் வெறுங்கையோடு வீடு திரும்பினேன். துணி எங்கே என்று அம்மா கேட்கவில்லை.

அப்புறம் ஆயக்கொட்டகைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். மூன்றரை மணி ஆனால் மட்டும் உடம்பு தானாக எழுந்து நிற்கும். பழக்கம் என்பது ஒரு சனியன். வருவதற்கு ஆறு மாதம் ஆகிறது, போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. அம்சவல்லி ஒருநாள் சாவியை நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். நாய்ப் பேச்சைக்கூடச் சொல்லாமல் போய்விட்டாள்.

ஜனவரியில் போகி வந்தது. போகிக்கு முதல் நாள் வீட்டைச் சுத்தம் செய்யும்போது தகரப் பெட்டிக்கு அடியில் விரித்திருக்கும் பழைய பேப்பரை எடுத்துவிட்டுப் புதிது விரிப்பது வழக்கம். ஒவ்வொரு வருஷமும் அம்மாதான் செய்வாள். அன்று அவள் வெளியே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். கை சும்மா இருக்கிறதே என்று நான் பெட்டியைத் திறந்தேன். மேலே அப்பாவின் ஒரு சட்டை. அதற்குக் கீழே புடவைகள். பேப்பரைத் தூக்கினேன்.

பழுப்புக் கவர். அரசாங்க முத்திரை. டைப் அடித்த என் பெயர். பிரிக்காத கவர்.

பிரித்தேன். நுழைவுச்சீட்டு. என் நம்பர், என் ஐந்து பாடம், தேதிகள். எழுத வேண்டிய இடம் தாப்பா இல்லை. தானா ராத்தா. நான் மூன்றாம் பாரம் வரை நடந்து போன அதே வாசல். அந்தக் காலையில் அங்கே எனக்காக ஒரு மேசையும் நாற்காலியும் காலியாகக் கிடந்திருக்கின்றன.

அம்மா சுண்ணாம்புக் கையோடு உள்ளே வந்தாள். கவரைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"அத ஏண்டி எடுத்தே? ஐயோ, பிரிச்சிட்டியா?"

"எப்பம்மா வந்துச்சு இது?"

"தீவாளிக்கு முந்தி." பிறகு கதவை லேசாகச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பயப்படாதே. மூணு மாசம் ஆச்சு. யாரும் வந்து கேக்கல. இனிமே கேக்க மாட்டாங்க. வேலப்பண்ணனைக் கேக்காம விட்டாங்கள்ல? உனக்கா எனக்கான்னு எனக்குத் தெரியல. ரெண்டு பேர்ல ஒருத்தரைக் கப்பல் ஏத்தி விடப் போறாங்கன்னு நெனச்சேன். கிராணி தபாலோட தபாலா குடுத்தாரு, கைநாட்டுக்கூட வாங்கல. அதான் யாருக்கும் தெரியாம வச்சிட்டேன்" என்றாள்.

அவள் முகத்தில் இருந்தது பெருமை. என்னைக் காப்பாற்றிவிட்ட பெருமை. எட்டு வருஷத்துக்கு முன் அப்பாவுக்குச் செய்ய முடியாததை எனக்குச் செய்துவிட்ட நிறைவு. அதைப் பார்த்த பிறகும் நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. எனக்கு நாக்கில் சனி.

கத்தினேன். இது பரீட்சைச் சீட்டு என்று கத்தினேன். இரண்டு வருஷம் என்று கத்தினேன். தாப்பா வாசல், நர்ஸ் வேலை, இருபத்தைந்து வயது எல்லாவற்றையும், இரண்டு வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம், ஒரே மூச்சில் அவள் தலையில் கொட்டினேன். "என் கழுத்தை அறுத்துட்டியேம்மா" என்றேன். தட்டிக்கு அந்தப் பக்கம் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நாலு லைனும் கேட்டிருக்கும்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுண்ணாம்புக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டிருந்தாள். "பழுப்புக் கவரும் வரும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி" என்றாள்.

திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அவள் திட்டவில்லை. நான் பச்சைப் புத்தகத்தை எடுத்து ஆறாவது குறிப்பைப் பார்த்தேன். பென்சில் கோடு அப்படியே இருந்தது. ரப்பரால் அழித்தேன். அழித்து என்ன பிரயோசனம்?

மறுநாள் போகித் தீயில் எல்லோரும் பாயும் துடைப்பமும் போட்டார்கள். அம்மா ஒன்றும் போடவில்லை. நெருப்புக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

பிறகு ஒரு வாரம் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. எட்டாம் நாள் சோறு போடும்போது நானே ஆரம்பித்தேன். காலம் கடந்த ஆறாவது குறிப்பு. எம்.சி.இ. என்றால் என்ன, நர்ஸ் என்ன வேலை செய்வாள் என்று மெதுவாகச் சொன்னேன். அம்மா கைகழுவக்கூட மறந்து கேட்டாள். நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "இனிமே வந்தா என்னா கலர்ல வரும்?"

சீட்டு கைக்கு வராத விஷயத்தை விளக்கிப் பரீட்சை ஆபீஸுக்கு எழுதியிருந்தேன். வயதில் சில மாதம் விட்டுக் கொடுப்பார்களா என்று ஆஸ்பத்திரிக்கும் எழுதியிருந்தேன். நடக்காது என்று உள்ளுக்குள் தெரியும். இருந்தாலும் எழுதினேன். "ரெண்டுமே பழுப்புக் கவர்லதாம்மா வரும். அதைப் பாத்துப் பயப்படாதே. பழுப்புக் கவருன்னா நல்ல சேதியாவும் இருக்கும்" என்றேன்.

"சரி" என்றாள். "ஒளிச்சு வைக்க மாட்டேன். நேரா உங்கிட்ட குடுத்துர்றேன்."

மார்ச் மாதம். பத்தாம் நம்பர் மலையில் எடுத்துக்கொண்டிருந்தோம். பனித்தூறல், பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. கீழே ரோட்டிலிருந்து, "பவளம்! அடியே பவளம்!" என்று குரல் வந்தது. வேலை நேரத்தில் ஆபீஸை விட்டு அம்மா வந்ததே இல்லை. செடிகளுக்கு நடுவே மூச்சு இரைக்க ஏறி வந்தாள். காலில் ஒரு செருப்புதான் இருந்தது. இன்னொன்று சேற்றில் போயிருக்கும். பக்கத்து நிரைக்காரிகள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அம்மா ஸ்வெட்டருக்குள் கைவிட்டு எடுத்தாள்.

"வந்துருச்சுடி! கிராணி கைநாட்டு கேட்டாரு. உனக்கு வர்றதுதானேன்னு டக்குனு வச்சுக் குடுத்தேன். ஒரு சொட்டு தண்ணி படலை, பாரு."

பழுப்புக் கவர். முத்திரை. காய்ந்த கவர், அம்மாவின் உடம்புச் சூடு இருந்தது. கொழுந்துக் கறை படிந்த விரலால் பிரிக்கும்போதே பெயரைப் பார்த்துவிட்டேன். என் பெயர் இல்லை. மணியம்மா என்றிருந்தது.

மலாய் மொழியில் ஆறே வரி. வேலை பெர்மிட் இந்த வருஷம் புதுப்பிக்கப்படமாட்டாது. ஜூன் கடைசியோடு முடிகிறது. சிவப்பு ஐசியும் பயணப் பத்திரங்களும் எடுத்துக்கொண்டு நேரில் வரவும். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்குக் கைநாட்டு பதிவு செய்யப்படும்.

இரண்டாம் தடவை படித்தேன். அர்த்தம் மாறவில்லை. இதே கவர் ஆறு மாதத்துக்கு முன் வந்திருந்தால் அம்மா வாங்கவே வாங்காமல், வேலப்பன் மாதிரி எங்காவது ஓடியிருப்பாள். கையில் திணித்திருந்தாலும் ஒளித்து வைத்திருப்பாள். பழுப்புக் கவருக்குப் பயப்படாதே என்று உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

"என்னாடி போட்டிருக்கான்? மறுபடி எழுதச் சொல்றானா?"

தாளை மடித்தேன். படித்ததும் மூடி வை. சொந்த வார்த்தையில், எதிரே இருப்பவருக்குச் சொல்வதுபோல் சொல். இந்த மலையில் எத்தனை பாடத்தை இந்தச் செடிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூறலை ஸ்வெட்டர் நுனியால் துடைத்துக்கொண்டு, கிட்டே வந்து, மெதுவாகச் சொன்னாள்.

"சொல்லுடி. இப்பதான் எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேல்ல. சொன்னா எனக்குப் புரியும்."